பிங் பதில் சொன்னால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கல்லூரி வளாகம். நான்கு கட்டடங்கள், முப்பது ஸ்விட்ச்கள், ஆறு சர்வர்கள். பார்த்துக்கொள்ள இரண்டே பேர். "நெட் வரலை சார்" என்று யாராவது போன் செய்த பிறகுதான் கோளாறு நடந்ததே அவர்களுக்குத் தெரிகிறது என்றால், அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்ல ஆளில்லை. தொடங்கிய நேரம் தெரியாமல் காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

நெட்வொர்க்கை இடைவிடாமல் கண்காணித்து, கோளாறு வந்ததும் செய்தி அனுப்ப, காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஜாபிக்ஸ், ஐசிங்கா, பிராமிதியஸ் என்று திறமூல மென்பொருள்கள் பல இருக்கின்றன. நாகியோஸை வைத்தே இன்று பேசுகிறேன். 1999-இல் நெட்செயின்ட் என்ற பெயரில் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்டது இது. 2002-இல் பெயர் மாறியது. 2009-இல் இதிலிருந்து கிளைத்ததுதான் ஐசிங்கா. நாகியோஸின் அடிப்படை பிடிபட்டால் மற்றவையும் சீக்கிரம் வசப்படும். மேலே சொன்ன அளவுள்ள வளாகத்துக்கு, 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டாலே தாராளம்.

நாகியோஸ் தானாக எதையும் சோதிப்பதில்லை. பிளக்இன் எனப்படும் சிறு நிரல்களை நேரம் தவறாமல் ஓட்டி, அவை முடியும்போது திருப்பித் தரும் எண்ணைப் பார்க்கிறது. 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் நிலை தெரியவில்லை. பத்து வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர் எவரும் தன் தேவைக்கு ஒரு பிளக்இன் செய்துகொள்ளலாம். அதன் பலமே இந்த எளிமைதான்.

பலரும் எல்லாக் கருவிக்கும் பிங் சோதனை மட்டும், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்ப்பதை மட்டும், வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய பிங், இன்றும் முதல் கருவிதான். ஆனால் பிங்குக்குப் பதில் தருவது இயங்குதளத்தின் கருப்பகுதி, அதாவது கெர்னல். மேலே ஓடும் டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் பிங் பதில் வந்துகொண்டே இருக்கும். விண்டோஸ் கணினிகளில் இதற்கு நேர்மாறாக, ஃபயர்வால் பிங்கைத் தடுத்துவிட, நன்றாக ஓடும் சர்வர் விழுந்துவிட்டதாகக் காட்டும்.

ஆகவே சேவையையே சோதியுங்கள். வெப் சர்வரா? பக்கம் வருகிறதா என்பதோடு நிற்காமல், அதில் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸ் இணைப்பு அறுந்த பக்கம்கூடப் பல நேரம் 200 என்ற வெற்றிக் குறியீட்டோடுதான் வரும். அதே பிளக்இன் பாதுகாப்புச் சான்றிதழின் ஆயுளையும் பார்க்கும். 30 நாள் இருக்கும்போது எச்சரிக்கை, 14 நாளில் ஆபத்து என்று வையுங்கள். கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வருக்குத் தனிப் பிளக்இன் உண்டு. புதிதாக வந்த கணினியைப் போல அது முகவரி கேட்டுப் பார்க்கும். ரூட் உரிமை, அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமை, இல்லாமல் அது ஓடாது. அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கருவிகளின் முகவரியை ஐபி எண்ணாகவே எழுதுங்கள். பெயராக எழுதினால், பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் படுத்த அன்று மொத்த வளாகமும் படுத்துவிட்டதாகக் காட்டும்.

அடுத்தது நேரக்கணக்கு. 5 நிமிடத்துக்கு ஒரு சோதனை, தவறினால் 1 நிமிடம் விட்டு மறுசோதனை, மொத்தம் 3 முயற்சி என்று வைத்தால், முதல் தவறு மென்நிலை. அப்போது யாருக்கும் செய்தி போகாது. மூன்றாவது முறையும் தவறினால்தான் வன்நிலை ஆகி, செய்தி போகும். அதாவது கோளாறு நடந்து உங்கள் காதுக்கு எட்ட ஏறக்குறைய 7 நிமிடம் வரை ஆகலாம். மைய ரவுட்டருக்கு இது அதிகம். அதற்கு 1 நிமிட இடைவெளி வையுங்கள். நூலக பிரின்டருக்கு 10 நிமிடம் போதும். முயற்சியை 1 ஆகக் குறைத்தால் சீக்கிரம் தெரியுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். வழியில் தொலைந்த ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது தரவுத் துணுக்குக்கும், நள்ளிரவில் செய்தி வரும். இரண்டு வாரத்தில் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியம், யாரைத் தாண்டி யார் என்ற உறவு. மூன்றாவது கட்டடத்தின் ஃபைபர் அறுந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எட்டு ஸ்விட்ச்களும் பதில் தராது. உறவைச் சொல்லாவிட்டால் ஒரு கோளாறுக்கு எட்டுச் செய்தி. ஒவ்வொரு கருவிக்கும் பேரண்ட் யார், அதாவது அதற்கு நேர் முன்னால் இருக்கும் கருவி எது, என்று எழுதிவிட்டால், முன்னால் இருப்பது மட்டும் 'டவுன்', மற்றவை 'அன்ரீச்சபிள்', அதாவது எட்ட முடியாதவை. இதோடு வேலை முடியவில்லை. செய்தி அனுப்பும் விருப்பங்களில் 'யு' என்ற எழுத்து இருந்தால் எட்ட முடியாதவற்றுக்கும் செய்தி போகும்; அதை எடுத்துவிடுங்கள். பேரண்ட் என்பது நாகியோஸ் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும் வரிசை. அந்தக் கணினியை வேறு கட்டடத்துக்கு மாற்றினால் இந்த வரிகளையும் மாற்றியாக வேண்டும். மாற்ற மறந்தால் உண்மையான கோளாறுக்கே செய்தி வராமல் போகும்.

ஸ்விட்ச்களின் போக்குவரத்தை, கருவிகளிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறையான எஸ்என்எம்பி வழியாக, யுடிபி 161-ஆம் போர்ட்டில் கேட்கலாம். 'பப்ளிக்' என்ற இயல்புக் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுங்கள். கருவி இடம் கொடுத்தால் மூன்றாம் பதிப்புக்கே போய்விடுங்கள். போன வந்த தரவை எண்ணிவைக்கும் பழைய 32 பிட் எண்ணிகளில் ஒரு சிக்கல் உண்டு. ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் அவை 34 வினாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் வரும் கணக்கு வெறும் குப்பை. 64 பிட் எண்ணிகளையே கேளுங்கள்.

விழுவதும் எழுவதுமாக ஒரு கருவி இருந்தால், கடைசி 21 சோதனை முடிவுகளைப் பார்த்து நாகியோஸ் அதை 'ஃபிளாப்பிங்' என்று குறித்துச் செய்திகளை நிறுத்திவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சரியாகச் செருகாத கனெக்டரும் சூடேறிய பவர் சப்ளையும் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக, செய்தி போகும் வழி. இன்டர்நெட் அறுந்ததைச் சொல்லும் மின்னஞ்சல் அதே இன்டர்நெட்டில்தான் போக வேண்டும் என்றால் அது போய்ச் சேராது. ஒரு யுஎஸ்பி ஜிஎஸ்எம் மோடமும் ஒரு சிம்மும் வைத்து எஸ்எம்எஸ் அனுப்புங்கள். நாகியோஸ் கணினி, மோடம் இரண்டையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். அந்தக் கணினியைச் செருகியிருக்கும் ஸ்விட்சையும் மறந்துவிடாதீர்கள். தினமும் காலை 8 மணிக்கு "நலம்" என்று ஒரு சோதனை எஸ்எம்எஸ் வரும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் எழுதுங்கள். அதை அனுப்புவதற்கு முன் நாகியோஸ் ஓடுகிறதா என்றும் அந்த ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். 8.05 ஆகியும் போன் சும்மா இருந்தால், முதலில் சிம்மின் ரீசார்ஜைப் பாருங்கள், பிறகு மோடத்தை, பிறகு நாகியோஸை.

வணக்கம்.