கேரட் வேற, பேங்க் வேற!

நடுவர் அவர்களுக்கும், கைதட்ட வேண்டிய கையைச் சால்வைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிற கோத்தகிரி மக்களுக்கும் வணக்கம். கவிழப்போற வங்கியை அரசு காப்பாத்தணும். இது எங்க அணி.

எதிரணித் தம்பி ஒரு போடு போட்டாரு. "கேரட் விலை விழுந்தா விவசாயி ரோட்டோரமாக் கொட்டிட்டுப் போறான். அரசாங்கமா வந்து தூக்கிவிடுது? கோட்டு போட்ட பேங்க்காரன் கவிழ்ந்தா மட்டும் ஏன் ஓடி வருது?"

அரங்கமே அதிர்ந்துச்சு. ஆனா தம்பி, ஒரு தோட்டத்துல கேரட் அழுகிப்போனா மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரத்து குறையும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூட்டைக்கு விலை ஏறும்! பேங்க் அழுகினா? பக்கத்துப் பேங்க் வாசல்லயும் க்யூ நிக்கும். நாம போட்ட காசை எந்தப் பேங்க்கும் பெட்டியில பூட்டி வைக்கிறதில்ல, கடனாக் கொடுத்திருக்கு. எல்லாரும் ஒரே நாள்ல போய்க் கேட்டா நல்ல பேங்க்கும் படுத்துரும்.

2020 மார்ச் 5. எஸ் பேங்க்குல தலைக்கு 50,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு தடை வந்துச்சு. இங்க எஸ் பேங்க்ல கணக்கு வச்சிருக்கிறவங்க கையைத் தூக்குங்க. ஒருத்தரும் இல்ல. சரி, போன்பே வச்சிருக்கிறவங்க? பாருங்க, சால்வைக்குள்ள இருந்த கையெல்லாம் வெளிய வருது! அந்தப் போன்பே அன்னைக்கு ஓடினதே எஸ் பேங்க் முதுகுலதான். ராத்திரியோட ராத்திரியா நின்னுபோச்சு.

இப்ப நினைச்சுப் பாருங்க. காமராஜர் சதுக்கத்துல ஒரு டீக்கடை. டூரிஸ்ட் ரெண்டு டீ, நாலு வர்க்கி முடிச்சுட்டுப் போனை நீட்டுறாரு. சுத்துது. "மேட்டுல ஏறி நில்லுங்கண்ணே, டவர் கிடைக்கும்"ங்கிறாரு கடைக்காரர். ஏறிட்டாரு. டவர் வந்துச்சு, பணம் போகல. இன்னும் மேல ஏறுறாரு. கடைக்காரர் பதறிட்டாரு, "போதும்ணே, அதுக்கு மேல போனீங்கன்னா தோட்டத்துல காட்டெருமை நிக்கும்!" கீழ இருந்து சம்சாரம் கேக்குது, "அக்கவுண்ட்ல காசே இல்லையா? அப்ப சம்பளத்தை யாருக்குக் கொடுத்தீங்க?" பேங்க் கவிழ்ந்தது மும்பையில, குடும்பம் கவிழுது கோத்தகிரியில! இவர் கணக்கு ஸ்டேட் பேங்க், கடைக்காரர் கணக்கு கனரா பேங்க். எஸ் பேங்க் வாசலை ரெண்டு பேரும் மிதிச்சதே இல்ல. தம்பி, எந்தக் கேரட் அழுகி வர்க்கிக்குக் காசு நின்னிருக்கு?

எப்படிக் காப்பாத்தினாங்க? ஸ்டேட் பேங்க் 6,050 கோடி, மத்தவங்களும் சேர்ந்து 10,000 கோடி மூலதனம். பதிமூணே நாள், மார்ச் 18 அன்னைக்குத் தடை நீங்கிச்சு. அதே வருஷம் நம்ம கரூர் லட்சுமி விலாஸ் பேங்க். நவம்பர் 17 தடை, தலைக்கு 25,000. 27ஆம் தேதி சிங்கப்பூர்க்காரங்க டிபிஎஸ் பேங்க்கோட இணைச்சாச்சு. பங்கு வச்சிருந்தவங்களுக்குப் பூஜ்யம், டெபாசிட் போட்டவங்க காசு முழுசும் பத்திரம். கோட்டு போட்டவரையா காப்பாத்தினாங்க? கோட்டை உருவிக்கிட்டுல்ல அனுப்பினாங்க!

"பேங்க் கவிழ்ந்தாலும் டெபாசிட்டுக்கு அஞ்சு லட்சம் இன்சூரன்ஸ் இருக்கே"ன்னாங்க எதிரணியில பேசின அந்த அம்மா. இருக்கு. ஒரு ஆளுக்கு, ஒரு பேங்க்ல, எல்லாக் கிளையும் சேர்த்து, அசலும் வட்டியுமா 5 லட்சம். குன்னூர் கிளையில மூணு லட்சம், ஊட்டி கிளையில நாலு லட்சம்னு ஒரே பேங்க்ல பிரிச்சுப் போட்டாலும் ரெண்டு லட்சம் தொங்கல்ல நிக்கும்.

அந்த ரெண்டு லட்சம் யாரோடது? இலங்கை தலைமன்னார்ல கப்பல் ஏறி வந்து, இந்த மலையில முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச ஒரு தாயோடதா இருந்தா? ஓய்வு பெத்ததும் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் சேர்ந்து வந்ததை, மேனேஜர் "உக்காருங்கம்மா"ன்னு சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு பேங்க்ல போட்டிருப்பாங்க. வாராக்கடன்னா அவங்களுக்கு என்ன தெரியும்? வாழ்நாள்ல முதல் தடவையா ஒரு ஆபீஸ்ல நாற்காலி கொடுத்தாங்க, அது தெரியும். அந்தத் தாய் முகத்தைப் பார்த்து "பணம் வராதும்மா"ன்னு சொல்ல எதிரணியில யாராவது ஒருத்தர் எந்திரிங்க பாப்போம்.

மணி அடிச்சாச்சு. நடுவர் அவர்களே, யாராவது எந்திரிச்சா தீர்ப்பை அவங்களுக்கே கொடுத்துருங்க. வணக்கம்.