கொரில்லாவுக்கு காடு மட்டும் போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்துல ஒரு சாயந்தரம், அதுவும் மழை தூறிக்கிட்டு இருக்கும்போ, கொரில்லாவுக்கு கட்டுற கூண்ட பத்தி பேசுறத கேக்க இத்தன பேர் வந்துருக்கிய, ரொம்ப சந்தோசம்.

நேரா விஷயத்துக்கு வாறேன். ஒரு ஜூல கொரில்லாவுக்கு இடம் கட்டணும்னா ரெண்டு விதமா கட்டலாம். ஒண்ணு, ஆப்பிரிக்கா காடு மாதிரியே மரம், பாறை, ஓடை, புல்லு எல்லாம் போட்டு கம்பியே கண்ணுல படாத மாதிரி கட்டுறது. இன்னொண்ணு, வெளிய நின்னு பாத்தா வெறும் கூண்டு தான், இரும்புத்தூணு, கம்பி வலை, கயிறு, ஏணி, தரையெல்லாம் வைக்கோல், ஆனா உள்ள இருக்குற கொரில்லாவுக்கு காலையில முழிச்சதுல இருந்து உறங்குறது வர செய்ய வேல கெடக்கும். எனக்க கட்சி என்னன்னு இப்பவே சொல்லிருதேன், கொரில்லா அங்க என்ன செய்ய முடியும்ங்கிறத மொதல்ல கட்டணும், நம்ம கண்ணுக்கு அது காடா தெரியுறது அதுக்குப் பொறவு தான்.

மனுஷன் வளத்த எடத்துல மொத கொரில்லா குட்டி பொறந்ததே 1956 டிசம்பர்ல தான், அமெரிக்காவுல கொலம்பஸ் ஜூல, கோலோன்னு பேரு, 60 வயசு வர இருந்து 2017ல தான் செத்துது. அந்தக் காலத்து கூடு எல்லாம் சுவரு பூரா டைல்ஸ், சிமெண்ட் தரை, ஹோஸ புடிச்சு அடிச்சா அஞ்சு நிமிஷத்துல கழுவி முடிச்சிரலாம். அதுக்கும் ஒரு காரணம் இருந்துது, நம்ம சளியும் காய்ச்சலும் கொரில்லாவுக்கு சட்டுன்னு ஒட்டும், அதனால சுத்தம் சுத்தம்னு அத மட்டுமே பாத்தாவ. அட்லாண்டா ஜூல வில்லி பின்னு ஒரு ஆண் கொரில்லா இருந்தான், 27 வருஷம் ஒரு உள்கூட்டுல தன்னந்தனியா, தொங்கவிட்ட ஒரு டயரும் ஒரு டிவியும் தான் துணை. 1988ல தான் அவன வெளிய மண்ணுல விட்டாவ, பொறவு தான் குடும்பம், பிள்ளைக எல்லாம், 2000ல செத்துப்போனான். இருபத்தேழு வருஷம்ங்கிறத கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, ஒரு கொரில்லாவுக்க ஆயுசுல பாதிக்கு மேல அது.

அப்பிடிப்பட்ட காலத்துல 1979ல சியாட்டில்ல உட்லேண்ட் பார்க் ஜூ ஒரு காரியம் செஞ்சுது. டேவிட் ஹான்காக்ஸ் அங்க டைரக்டர், ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ்னு நில அமைப்பு டிசைன் பண்ணுற கம்பெனி, ரெண்டு பேரும் சேந்து கொரில்லாவ செடி மரத்துக்கு நடுவுல விட்டாவ, பாக்க வாற மனுஷனும் அதே மாதிரி செடிக்குள்ள நடந்து போய் தான் பாக்கணும். அதுல எனக்குப் பிடிச்சது பச்சை இல்ல கேட்டியளா, ஒளிஞ்சு உக்கார எடம் இருந்துது. கொரில்லாவுக்கு நேருக்கு நேர் முறைச்சுப் பாத்தா அது சண்டைக்கு கூப்பிடுறது மாதிரி, நாலு பக்கமும் ஆளு நின்னு நாள் பூரா உத்துப் பாத்தா அதுக்கு எப்பிடி இருக்கும், அதுக்கு முதுகு காட்டிட்டு போக ஒரு புதர் வேணும், ஒரு மேடு வேணும். சியாட்டில்ல அது கெடச்சுது.

ஆனா அதப் பாத்துட்டு செஞ்சவிய நெறைய பேரு வெளித்தோற்றத்த மட்டும் தான் காப்பி அடிச்சாவ. சிமெண்ட்டுல பாறை, உள்ள இரும்பு வச்ச சிமெண்ட் மரம், சிமெண்ட் கொடி. 1980கள்ல சிகாகோ பக்கத்துல புரூக்ஃபீல்டு ஜூல டிராபிக் வேர்ல்டுன்னு பிரம்மாண்டமா ஒரு கட்டடம், உள்ள மழைக்காடு மாதிரி இருக்கும், மரத்துல கேறலாம், ஆனா பிச்சு தின்ன ஒரு எல கெடையாது. சரி, நெச மரம் வச்சா? கொரில்லா பட்டைய உரிக்கும், கொப்ப ஒடிக்கும், அதுக்க வேலையே அது தான, உடனே மரத்தச் சுத்தி கரண்ட் கம்பி கட்டிருவாவ. அப்போ மரம் யாருக்கு நிக்கி? நமக்கு. இங்க உள்ளவியளுக்கு இது சட்டுன்னு புரியும், குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை போற வழியில ரப்பர் தோட்டத்த ரோட்டுல இருந்து பாத்தா என்னா பச்சை, வெளியூர்க்காரன் காடுன்னே நெனச்சுருவான், ஆனா ஒரு குரங்கு அதுக்குள்ள போனா அதுக்கு தின்ன என்ன கெடைக்கும்?

காட்டுல கொரில்லா என்ன செய்யுதுன்னு பாத்தா தான் கணக்கு புரியும். ஜூகள்ல இருக்குறது அநேகமா எல்லாமே மேற்கத்திய சமவெளி கொரில்லா, காபோன், காங்கோ, கேமரூன் பக்கம் உள்ளது. நாளோட பெரும்பகுதி அதுக்கு தீவனம் தேடுறதும் திங்குறதும் தான், எல, தண்டுக்குள்ள உள்ள சோறு, பழம், கரையான், இஞ்சி ஏலக்காய் வகையில சேந்த அஃப்ரமோமம்னு ஒரு செடி. தரையில நடக்குற மிருகம்னு நெனைப்போம், பழக்காலத்துல பெரிய ஆண் கூட மரத்துல கேறும். சாயந்தரம் ஆனா எலையும் கொப்பும் வளச்சு புதுசா ஒரு படுக்கை கட்டும், தெனமும். பெரிய ஆண் ஒண்ணுகிட்ட இருந்து எளசு ஒண்ணு விலகி ஓட வழி வேணும், மூலையில மாட்டிக்கிடக் கூடாது. இந்த வேலைகள ஒண்ணொண்ணா எழுதி வச்சுட்டு, நாம கட்டுன எடத்துல இதுல எத்தன நடக்கும்னு கேக்கணும்.

அட்லாண்டா ஜூல டெர்ரி மேப்பிள் தலைமையில இருந்த ஆராய்ச்சிக்காரங்க அழகான புது எடத்த கட்டி விட்டுட்டு சும்மா இருக்கல, வருஷக்கணக்கா கொரில்லா எங்க உக்காருது எங்க போகுதுன்னு குறிச்சு வச்சாவ. என்ன தெரிஞ்சுதுன்னா, அந்த விரிஞ்சு கெடந்த புல்வெளியில பெரும்பகுதி சும்மா கெடந்துது, அதுக கட்டடத்துக்குப் பக்கத்துலயும், சாய்ஞ்சு உக்கார ஏதாவது இருக்குற எடத்துலயும் தான் கூடுதல் நேரம் இருந்துது. அப்போ ஏக்கர் கணக்கு சொல்லி பெருமை பேசுறதுல பாதி காத்து.

இப்போ இங்கிலாந்துல கென்ட்ல ஹவ்லெட்ஸ்னு ஒரு எடம், ஜான் ஆஸ்பினால்னு ஒருத்தர் சொந்தமா ஆரம்பிச்சது. இத பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா டிசைன் பண்ணுறவிய பல பேருக்கு இதப் பாத்தா முகம் சுளிக்கும். பெரிய பெரிய இரும்புக் கூண்டு, மேலயும் கம்பி வலை, உள்ள கயிறு, சறுக்கு, தொங்குற சாதனம், தரையில முழங்கால் புதையுற அளவு வைக்கோல். கீப்பர் என்ன செய்வாருன்னா கூண்டு மேல கேறி அந்த வலைக் கூரையில தீவனத்த வாரி எறைப்பாரு, கொரில்லா கீழ இருந்து கேறி ஒரு கையில தொங்கிக்கிட்டு மறு கை விரல விட்டு ஒண்ணொண்ணா பொறுக்கும். வைக்கோலுக்குள்ள கொட்டையும் விதையும் தூவிருவாவ, அத தேடி மணிக்கணக்கா கெளறும். கம்பி வலையே அதுக்கு கேற எடம், அதனால தரை மட்டும் இல்ல, கூண்டோட முழு உயரமும் அதுக்கு வீடு. அகழி வச்ச எடத்துல இது நடக்காது, பள்ளம் எடத்த திங்கும், தண்ணி அகழின்னா கொரில்லாவுக்கு நீச்சல் தெரியாது, முங்கிச் செத்ததும் உண்டு, தாண்டி சாடுனதும் உண்டு, 2007ல ராட்டர்டாம் ஜூல போகிட்டோங்கிற ஆண் தண்ணி அகழியத் தாண்டி ஆளுக நடுவுல வந்து ஒரு பெண்ண மோசமா காயப்படுத்திச்சு. ஹவ்லெட்ஸ் ஆளுக வளத்த கொரில்லா குட்டி 100க்கும் மேல. பாக்க காடு இல்ல. ஆனா காட்டுல செய்யுற வேலைகள்ல பல அங்க நடக்குது.

இன்னொரு காரியம், நாம யாரும் கேக்காத காரியம். ஜூ சாயந்தரம் அஞ்சு மணிக்கு அடைக்கும், மறுநாள் ஒம்பது மணிக்கு தொறக்கும். நடுவுல பதினாறு மணி நேரம் கொரில்லா எங்க இருக்கு? பின்னால உள்ள நைட் ஹவுஸ்ல. முன்னால கோடிக்கணக்குல செலவு பண்ணி அருவி வச்சுட்டு பின்னால சிமெண்ட் அறையும் ஒரு இரும்புப் பலகையும் வச்சா, அந்த மிருகத்துக்க வாழ்க்கையில மூணுல ரெண்டு பங்கு அந்த அறை தான். படம் புடிக்கிறவன் யாரும் அங்க போகமாட்டான். டிசைன் பேப்பர்ல மொத வரையுற கோடு அந்த அறையா இருக்கணும், ஒசரம், வைக்கோல், படுக்கை கட்ட கொப்பு, ஒண்ணுக்கு மேல கதவு. டாக்டர் பாக்குறதுக்கும் இந்த வலை தான் உதவி, ஆண் கொரில்லாக்கள கொல்லுறதுல இதய நோய் பெரிய காரணம், இப்போ பல எடத்துல மயக்க ஊசி இல்லாமலே, வலைக்குப் பக்கத்துல நெஞ்சக் காட்டி உக்கார பழக்கி ஸ்கேன் எடுக்குறாவ.

கிளீவ்லண்ட் ஜூல நடந்ததையும் சொல்லுதேன். தின்னத கக்கி மறுபடி திங்குற பழக்கம் ஜூ கொரில்லாக்கள்ட்ட ரொம்ப உண்டு, பாக்குறவனுக்கு சங்கடமா இருக்கும். அங்க ரெண்டு ஆண்களுக்கு பிஸ்கட் மாதிரி கெட்டித் தீவனத்த நிறுத்திட்டு கீரை, எல, கொப்புன்னு குமிச்சாவ, திங்குற நேரம் நாள்ல பாதி வர ஆச்சு, கக்குற பழக்கம் நின்னுது, ரெண்டுக்கும் ஏறக்குறைய 30 கிலோ கொறஞ்சுது. ஒரு மரம் கூட புதுசா நடல.

அதுக்காக காடு மாதிரி கட்டுறது வேண்டாம்னு நான் சொல்லல. சிமெண்ட் கூட்டுல பாத்த மிருகத்த ஜனம் ஒரு மாதிரி நெனைக்கும், பச்சைக்கு நடுவுல பாத்தா வேற மாதிரி மதிக்கும், அந்த மதிப்பு காடு காக்க உதவும்னா அதுவும் பெரிசு தான். பணம் ரெண்டுக்கும் இருந்தா ரெண்டும் செய்யட்டும். ஒண்ணுக்கு தான் இருக்குன்னா வலையும் வைக்கோலும் வாங்கட்டும்.

முன் வரிசையில இருந்து ஒரு அம்மா கேட்டாவ, எதுக்கு அடைச்சு வைக்கணும், கொண்டு காட்டுல விட்டா என்னன்னு. நல்ல கேள்வி. இப்போ ஜூல இருக்குறதுல கிட்டத்தட்ட எல்லாமே ஜூலயே பொறந்தது. ஹவ்லெட்ஸ்காரங்க ஒரு குடும்பத்தையே காபோனுக்கு கொண்டு போய் 2014ல காட்டுல விட்டாவ, கொஞ்ச நாள்லயே அதுல பல செத்துக் கெடந்துது. அதனால இருக்குறதுகள இன்னும் நாப்பது வருஷம் நல்லா வச்சுப் பாக்குற பொறுப்பு நம்ம தலையில தான்.

நம்ம நாட்டுல கொரில்லாவ பாக்கணும்னா மைசூர் ஜூக்குத் தான் போகணும். போலோன்னு ஒண்ணு தனியாவே ரொம்ப வருஷம் இருந்து 2014ல செத்துது, 2021ல ஜெர்மனியில இருந்து தாபோ, டெம்பான்னு ரெண்டு ஆண்கள் வந்துது. இந்தப் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு, ஐரோப்பாவுல பனிக்காலம் பூரா உள்ள அடைச்சு ஹீட்டர் போடணும், நமக்கு அது வேண்டாம், ராத்திரியும் கதவத் தொறந்து வச்சு உள்ளயா வெளியயான்னு அதுவே முடிவு பண்ணட்டும்னு விடலாம். அத்தி, ஆலு, மூங்கில், செம்பருத்தி எல்லாம் இங்க தானா முளைக்குது, கொல வெட்டுன வாழைத்தடி நம்ம தோட்டங்கள்ல அழுகிக் கெடக்கு, பிளந்து உள்ள உள்ள தண்ட எடுக்குற வேலையே ஒரு கொரில்லாவுக்கு கால் நாள் போகும். தெக்க எங்கயாவது இனி ஒரு ஜூல கொரில்லா கொண்டு வரணும்னு பேச்சு வந்தா, பாறை எவ்வளவு ஒசரம்னு கேக்காம, தெனமும் எத்தன கிலோ எல வெட்டிக் கொண்டு வருவிய, ராத்திரி கதவு தொறந்து இருக்குமான்னு கேளுங்க.