கேபிள் அறுந்தா கிளைடர் என்ன ஆகும்? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "போன வீடியோவுல கிளப் செய்தி சொல்லும்போது, குளிர்காலம் முடிஞ்சு, பைலட்டுகளோட திறமையைச் சோதிக்கிற செக் ஃப்ளைட் ஆரம்பிச்சாச்சு, ஒவ்வொருத்தருக்கும் குறைஞ்சது ஒரு கேபிள் பிரேக் உண்டுன்னு சொன்னீங்க. வேணும்னே கயித்தை அறுப்பீங்களா? நிஜமாவே பாதியில அறுந்தா என்ன பண்ணுவீங்க? அதுல இன்ஜினே இல்லையே?"

வேணும்னே அறுக்கிறதில்லீங்க. பின் சீட்டுல இருக்கிற இன்ஸ்ட்ரக்டர் மஞ்சள் ரிலீஸ் குமிழை இழுத்துக் கேபிளைக் கழட்டி விட்டுருவார். இல்லைன்னா வின்ச் ஓட்டுறவர்கிட்ட முன்னாடியே பேசி வெச்சு, இந்த உயரத்துல பவரைக் குறைச்சிருங்கன்னு சொல்லியிருப்பார். முன் சீட்டுல இருக்கிறவருக்கு அது எப்போ வரும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அது பயிற்சியே இல்லை.

வின்ச் பார்க்காதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. மைதானத்தோட அந்தக் கோடியில ஒரு பெரிய இன்ஜின், அதுல கேபிள் சுத்தின டிரம். ஆயிரம், ஆயிரத்து இருநூறு மீட்டர் கேபிளை இந்தக் கோடி வரைக்கும் இழுத்துட்டு வந்து கிளைடரோட வயித்துக்கு அடியில இருக்கிற கொக்கியில மாட்டுவோம். அங்கிருந்து வேகமா சுத்துவாங்க. ஓடிப்போய் பட்டம் ஏத்துற அதே சங்கதிதான். கேபிள் நீளத்துல மூணுல ஒரு பங்கு உயரம் கிடைக்கும். எதிர்க்காத்து நல்லா இருந்தா இன்னும் கொஞ்சம் கூடும். இந்தியாவுல பார்க்கணும்னா, புனே ஹடப்சர்ல இருக்கிற கிளைடிங் சென்டர்லயும் வின்ச்லதான் ஏத்துறாங்க. நாங்க பறக்கிறது இங்கிலாந்துல, அதனால அடி, நாட் கணக்குலயே சொல்றேன். 55 நாட்டுன்னா மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். கேபிள் அறுந்துட்டா கிளைடர் கல்லு மாதிரி விழுந்துரும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. விழாது. கேபிள் போனதும் அது மறுபடியும் சாதாரண கிளைடர்தான். பறக்கிறதுக்கு வேண்டியது வேகம் மட்டும்தான். சிக்கல் என்னன்னா, அந்த நொடியில மூக்கு 40 டிகிரிக்கு மேல வானத்தைப் பார்த்துட்டு இருக்கு. அந்தச் சரிவுல இழுக்கிற சக்தி நின்னுபோச்சுன்னா, புவியீர்ப்பு மட்டுமே ஒவ்வொரு செகண்டுக்கும் 12 நாட்டுக்கு மேல தின்னுரும். 55 நாட்டுல ஏறிட்டிருந்த கிளைடர் ஒரு செகண்ட் யோசிச்சா 43. ரெண்டாவது செகண்டுலயும் யோசிச்சிட்டே இருந்தா 30-க்குப் பக்கம். ஏஎஸ்கே 21 மாதிரி ரெட்டை சீட்டு கிளைடர், ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தா, 36, 38 நாட்டுக்குக் கீழ போனா ஸ்டால் ஆகுற வண்டி, அதாவது இறக்கை தூக்குற சக்தியை இழந்துரும். யோசிக்கிறதுக்கு நேரம் எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் பார்த்துக்கலாம்.

அதனால செய்ய வேண்டியதுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல மூக்கைக் கீழ இறக்கணும். சும்மா சமமா இல்ல; இறங்கி வரும்போது மூக்கு எங்க இருக்குமோ அதுக்கும் கொஞ்சம் கீழ. அப்புறம் வேகத்துக்காகக் காத்திருக்கணும். ஸ்பீடு மீட்டர்ல அன்னைக்கு முடிவு பண்ணின அப்ரோச் வேகம், அதாவது இறங்க வரும்போது வெச்சுக்கிற வேகம், வந்து நிக்கிறதைக் கண்ணால பார்க்கணும். பொதுவா அது 55 நாட்டு, கூட காத்து வேகத்துல பாதி. அதுக்கப்புறம் ரிலீஸ் குமிழை ரெண்டு தடவை இழுக்கணும், ஏன்னா கொக்கியில மிச்சக் கேபிள் தொங்கிட்டு இருக்கலாம். அப்புறம்தான் எங்க இறங்குறதுன்னு முடிவு. ஏர்பிரேக் (சீக்கிரம் இறங்குறதுக்காக இறக்கையில திறக்கிற தடுப்பு), திருப்பம் எல்லாமே அந்த வேகம் வந்த பிறகுதான்.

இந்த வரிசையில எந்த இடத்துல தப்பு நடக்குதுன்னு கேட்டா, ரெண்டாவதுலதான். மூக்கை எல்லாருமே இறக்கிருவாங்க, அது சுலபமா வந்துரும். ஆனா இறக்கின உடனே கண்ணாடிக்கு வெளியில எல்லாம் ஒழுங்கா தெரியும்: அடிவானம் சரியான இடத்துல இருக்கு, மைதானம் முன்னாடி இருக்கு. சரி, பறந்துட்டு இருக்கோம்னு மனசு சொல்லும். உண்மையில அப்போ வேகம் 38 நாட்டு. மூக்கைத் தள்ளும்போது உடம்பு லேசாகும் இல்லையா, அந்த நேரத்துல இறக்கைக்குப் பாரம் குறைவு, அதனால ஸ்டால் தெரியாது. நிமிர்த்தினதும் பாரம் திரும்பி வரும். அந்த 38 நாட்டுல திருப்பினா, இல்ல ஏர்பிரேக்கைத் திறந்தா, ஒரு இறக்கை சாஞ்சு, சுழண்டுக்கிட்டே கீழ விழுற ஸ்பின்னுக்குள்ள போகலாம். 300 அடியில ஸ்பின் ஆனா மீட்டெடுக்க உயரம் கிடையாது. மூக்கு சரியா இருக்கு, வேகம் இன்னும் வரலை. இந்த இடைவெளி மூணு நாலு செகண்டுதான், ஆனா காக்பிட்ல ரொம்ப நீளமாத் தெரியும். வசந்த காலத்துல எல்லாரையும் திரும்பத் திரும்ப உட்கார வெச்சு இதைச் செய்ய வைக்கிறது அந்தக் காத்திருப்பைப் பழக்கத்தான்.

எங்க இறங்குறது? முன்னாடி இறங்க இடம் இருந்தா முன்னாடிதான். அதுல ரெண்டாவது யோசனையே வேண்டாம். 100 அடி, 150 அடியில அறுந்தா நேரா இறங்கிரலாம், ஏர்பிரேக் முழுசாத் திறந்தா மைதானம் தாராளமா மிஞ்சும். 600 அடிக்கு மேல அறுந்தா சின்னதா ஒரு சுத்து சுத்தி வழக்கம்போல இறங்கலாம். நடுவுல ஒரு உயரம் இருக்கு பாருங்க, முன்னாடி இடம் போதுமா போதாதான்னு சந்தேகம் வர்ற உயரம், அதுலதான் மூளை தடுமாறும். அந்த உயரம் இவ்வளவுன்னு எல்லா மைதானத்துக்கும் பொதுவா சொல்ல முடியாது. மைதான நீளம், அன்னைக்குக் காத்து, ரெண்டும் சேர்ந்து மாத்தும். எதிர்க்காத்து 20 நாட்டு அடிச்சா, 400 அடியில அறுந்தாலும் நேரா இறங்கிரலாம். காத்தே இல்லாத நாள்ல அதே 400 அடி சங்கடம்.

அதனாலதான் அதை மேல போய் முடிவு பண்ணக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி, எழுத்து எழுத்தா ஞாபகம் வெச்சு சொல்ற செக்குல ஒரு எழுத்து அதுக்குன்னே இருக்கு, 'எவென்சுவாலிட்டிஸ்', அதாவது ஏதாவது தப்பாப் போனா என்ன செய்வேங்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லணும்: "காத்து இடப்பக்கத்துல இருந்து, 10 நாட்டு. இறக்கை தரையைத் தொட்டா உடனே ரிலீஸ். தாழ்வா அறுந்தா நேரா. நேரா இடம் இல்லைன்னா வலப்பக்கம் திரும்புவேன். அப்ரோச் 60 நாட்டு." ஏன் வலப்பக்கம்? காத்து போற திசைக்கு முதல்ல திரும்பினா, காத்தே உங்களை ஓடுபாதையை விட்டுத் தள்ளி இடம் பண்ணிக் கொடுக்கும். கடைசித் திருப்பம் காத்தை எதிர்த்து வரும், ஓடுபாதையைத் தாண்டிப் போக மாட்டீங்க. காத்தை எதிர்த்து முதல்ல திரும்பினா கடைசித் திருப்பத்துல காத்து பின்னாடி இருந்து தள்ளும், இடம் பத்தாம இறக்கையைச் சாய்ச்சுச் சாய்ச்சுத் திருப்ப வேண்டி வரும். தாழ்வா இருக்கும்போது அது வேண்டவே வேண்டாம்.

கேட்ட கேள்வியில இல்லாத ஒண்ணு, ஆனா சொல்லியே ஆகணும். கேபிள் டப்புன்னு அறுந்தா சத்தம் கேக்கும், முதுகுல ஒரு உலுக்கல் தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. வின்ச் இன்ஜின் மெதுவா பவர் இழந்தா எந்தச் சத்தமும் இல்லை. 58, 54, 50ன்னு முள்ளு இறங்கிட்டே இருக்கும், மூக்கு மேலயே இருக்கும். என் கணக்குல அதுதான் பெரிய ஆபத்து. அதனால ஏறும்போது கண்ணு ஸ்பீடு மீட்டரை விட்டு விலகக் கூடாது. வேகம் குறைய ஆரம்பிச்சா மூக்கைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கணும். அப்பவும் வேகம் ஏறலைன்னா ஏவுதல் முடிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்கிட்டு அதே வரிசையைச் செய்யணும். மறுபக்கம், வேகம் கூடினா ஏஎஸ்கே 21-க்கு வின்ச்ல உச்ச வரம்பு மணிக்கு 150 கிலோமீட்டர், 81 நாட்டு. அதை நெருங்குதுன்னா வால்ல இருக்கிற ரட்டரை இடம் வலமா ஆட்டி வின்ச் டிரைவருக்குக் காட்டுவோம்.

தரையில ஓடுற முதல் மூணு நாலு செகண்டும் ஆபத்தானதுதான். ஒரு இறக்கை நுனி புல்லுல உரசினா கிளைடர் சுழண்டு கவிழ்ந்துரும், அவ்வளவு வேகமா இழுக்குது. இடது கை ரிலீஸ் குமிழ் மேலயே இருக்கணும், தொடைமேல இல்ல. பிரிட்டிஷ் கிளைடிங் அசோசியேஷன் 2005-ல வின்ச் பாதுகாப்புக்குன்னு ஒரு தனி முயற்சி ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் வின்ச்ல உயிர்ச்சேதம் நல்லாவே குறைஞ்சது. புது கருவி எதுவும் கண்டுபிடிக்கலை. இறக்கை சாய்ஞ்சா உடனே ரிலீஸ், மூக்கைப் படிப்படியா தூக்கு, அறுந்தா வேகத்துக்குக் காத்திரு. இதையே எல்லாக் கிளப்புலயும் விடாம சொல்லிக் கொடுத்ததுதான்.

சரி, கேபிள் ஏன் அறுது? பாதி நேரம் அறுறது கேபிளே இல்ல, வீக் லிங்க். கேபிளுக்கும் கிளைடருக்கும் நடுவுல உள்ளங்கை அளவுல ஒரு உலோகத் தகடு இருக்கும். குறிப்பிட்ட பாரத்துக்கு மேல போனா அதுதான் முதல்ல உடையணும், இறக்கை உடையக் கூடாது. நிறத்தை வெச்சு அடையாளம்: கறுப்பு 1000 டெக்காநியூட்டன், ஏறக்குறைய ஒரு டன் இழுவை, பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500. எந்தக் கிளைடருக்கு எந்த நிறம்னு அதோட கையேட்டுல இருக்கும். கேபிள் மாட்டுறவர் அந்தத் தகட்டைத் தூக்கி பைலட் கண்ணுக்கு நேரா காட்டி, நிறத்தைச் சொல்லிட்டுத்தான் மாட்டணும். வலு குறைஞ்சதை மாட்டினா பாதி உயரத்துல காத்து ஒரு தூக்கு தூக்கும்போது உடைஞ்சுரும். வலு கூடினதை மாட்டினா எதுவும் நடக்காத மாதிரியே இருக்கும், அதுதான் மோசம். பாரம் முழுக்க இறக்கையில போகுது.

தகட்டுல ஓட்டை கொஞ்சம் நீண்டு முட்டை வடிவமாயிருந்தா தூக்கிப் போட்டுரணும். ஆனா ஒண்ணு, ரெட்டைத் தகடு வர்ற அமைப்புல துணைத்தகட்டுக்கு ஓட்டையே நீளமாத்தான் பண்ணியிருப்பாங்க, முதல் தகடு போன பிறகுதான் பாரம் ஏறணும்ங்கிறதுக்காக. அதைத் தேஞ்சதுன்னு குழப்பிக்க வேண்டாம்.

கேபிளே அறுந்ததுன்னா, எஃகுக் கம்பியில முறுக்கு விழுந்த இடத்துலயோ ஒட்டுப் போட்ட இடத்துலயோ அறும். இப்போ நிறைய கிளப்புல டைனீமாங்கிற செயற்கை இழைக் கயிறு. எடை ரொம்பக் குறைவு, ஆனா தார், கான்கிரீட்ல இழுத்தா இழை இழையா தேஞ்சுரும். புல் தரைதான் அதுக்கு ஏத்தது. அறுந்தா முடிச்சுப் போடக் கூடாது, முடிச்சு இருக்கிற இடத்துல பலம் பாதியாயிரும். பின்னல் குழாய் மாதிரி உள்ள வெறுமையா இருக்கும். நொய்ஞ்ச பகுதியை வெட்டிட்டு, முனையை ஊசி மாதிரி கூர் பண்ணி, ஒவ்வொண்ணையும் அடுத்ததுக்குள்ள அரை மீட்டருக்கு மேல நுழைக்கணும். இழுக்க இழுக்க அதுவே இறுக்கிப் பிடிச்சுக்கும். கூர் பண்ணாம மொட்டையா நுழைச்சா, உள்ள முனை முடியிற இடத்துல திடீர்னு தடிமன் மாறும், அடுத்த தடவை அங்கதான் அறும்.

அறுந்த உடனே தரையில இருக்கிறவங்களுக்கும் வேலை இருக்கு. வின்ச் டிரைவர் டிரம்மை பிரேக் போட்டு நிறுத்தணும், இல்லைன்னா கேபிள் தளர்ந்து குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கும். ரெண்டு டிரம் வின்ச்சா இருந்தா, அறுந்த கேபிளோட ரெண்டு முனையும் கிடைக்கிற வரைக்கும் அடுத்ததை யாரும் தொடக் கூடாது. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடந்தா, இழுக்கிறப்ப ரெண்டும் சேர்ந்து கிளம்பும். கிளப் செய்தியில 'ஏவுதல் கொஞ்ச நேரம் நிறுத்தம்'னு வந்தா பெரும்பாலும் இந்தத் தேடலும் ஒட்டுப் போடுறதும்தான், பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை.

அறிமுகப் பறத்தலுக்கு வர்றவங்க கவனத்துக்கு: இடுப்புப் பெல்ட்டை முதல்ல, நல்லா இறுக்கமாப் போடுங்க, அப்புறம் தோள் பெல்ட். ஃபோன், சாவி, தண்ணி பாட்டில் எதுவும் மடியில வேண்டாம்; உடம்பு லேசாகிற அந்த ரெண்டு செகண்டுல அது மிதந்து கன்ட்ரோலுக்கு அடியில போய் உட்கார்ந்துக்கும். கேபிள் அறுந்தா பிடிமானத்துக்காக ஸ்டிக்கைப் பிடிக்காதீங்க. தோள் பெல்ட்டைப் பிடிச்சுக்குங்க.

செக் ஃப்ளைட்டுக்கு வர்ற மெம்பர்கள் லாக் புக் கொண்டு வாங்க. தனியாப் பறக்கிறவங்களும் ரெட்டை சீட்டுல செக் முடிச்ச பிறகுதான் ஒத்தை சீட்டு. மேகம் தாழ்வா இருக்கிற நாள்ல உயர அறுப்பு செய்ய முடியாது, அதனால தாழ்வா அறுக்கிறதை மட்டும் முடிச்சுட்டு மிச்சத்தை இன்னொரு நாளைக்கு வெச்சுக்குவோம். ரொம்பத் தாழ்வான அறுப்பை மட்டும் இன்ஸ்ட்ரக்டரே செஞ்சு காட்டுவார், அதை யாரும் தானா முயற்சி பண்ண வேண்டாம்.