7,999 ரூபாய்க்குப் 'போதை ஜீன்' டெஸ்டா? அண்ணன் கதையும் சொல்கிறேன்

வணக்கம் மக்களே. அதே தண்டையார்பேட்டை மொட்டை மாடி, அதே டீ. காசிமேடு வீடியோவின் இரண்டாம் பகுதியை இன்றைக்குப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன், அது ஞாயிற்றுக்கிழமை வரும். நேற்றிலிருந்து ஒரு விஷயம் வயிற்றெரிச்சலாக இருக்கிறது, அதைப் பேசாமல் மீனைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

அம்மாவுக்குப் புடவை எடுக்க எம்.சி. ரோடு போயிருந்தேன். ஒரு கடை வாசலில் ஏதோ லேப்காரர்கள் குடை போட்டு மேசை வைத்திருந்தார்கள், பேர் வேண்டாம். 'உங்கள் பிள்ளைக்குப் போதைக்கு அடிமையாகும் ஜீன் இருக்கிறதா?' என்று நோட்டீஸ். எச்சில் கொடுத்தால் போதுமாம், 7,999 ரூபாய். நான் நின்று படித்ததும் 6,499 என்றார் அந்தப் பையன். நகர்ந்தேன், 5,999. வீட்டுக்கே வந்து எடுக்க 300 தனி. இரண்டு நிமிடத்தில் 2,000 ரூபாய் இறங்குகிற டெஸ்ட்டை நான் இதுவரை பார்த்ததில்லை மக்களே, கத்தரிக்காய்கூட அவ்வளவு வேகமாக இறங்காது. பக்கத்தில் ஒரு அக்கா பர்ஸைத் திறந்துவிட்டார். ஸ்கூல் பீஸுக்கு வைத்திருந்த பணம், பையனுக்கு 14 வயது, புருஷன் குடிப்பாராம். 'அக்கா, ஒரு நிமிஷம் இருங்க' என்று சொல்லிவிட்டு, எந்த ஜீனைப் பார்க்கிறீர்கள் என்று பையனிடம் கேட்டேன். 'டி.ஆர்.டி.2 சார்' என்றார்.

அந்தப் பேர் எனக்குத் தெரியும். 1990-ல் அமெரிக்காவில் கென்னத் ப்ளம், எர்னெஸ்ட் நோபிள் குழு, இறந்துபோன 70 பேரின் மூளைத் திசுவைப் பார்த்தது, 35 பேர் குடிநோயாளிகள், 35 பேர் இல்லை. இந்த டி.ஆர்.டி.2, அதாவது டோபமைன் டி2 ஏற்பி ஜீனின் ஒரு வடிவம் குடிநோயாளிகளிடம் அதிகம் இருந்தது. டோபமைன் என்றால் மூளையில் சுகத்தையும் ஆசையையும் கிளப்புகிற ரசாயனம், ஏற்பி என்றால் அதைப் பிடித்துக்கொள்கிற இடம். 'குடி ஜீன் கிடைத்துவிட்டது' என்று பேப்பர்களில் ஒரே பரபரப்பு. அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே இன்னொரு குழு தேடிப் பார்த்து, அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை என்று எழுதிவிட்டது. அப்புறம் பார்த்தால் அந்த மாற்றம் இருப்பதே பக்கத்து ஜீனில். குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன, அது உண்மை. ஆனால் அந்தப் பாதி எத்தனையோ ஜீன்களில் துளித் துளியாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே ஒரு துளியைப் பார்த்துவிட்டு 14 வயசுப் பையன்மேல் முத்திரை குத்தலாமா? அக்கா பர்ஸை மூடிவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், புடவை எடுக்க மறந்து திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது அண்ணன் கதை. பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும், ஹார்பரில் லோடு வேலை. சொல்லச் சொன்னதே அவர்தான். நாங்கள் இரண்டு பேரும் முதல்முறை குடித்தது ஒரே ராத்திரி, ஒரே பாட்டில், எண்ணூர்ப் பக்கம் கடலுக்குக் கொட்டியிருக்கும் கல்மேல் உட்கார்ந்து. எனக்கு நாலு வாயிலேயே தலை சுற்றி, நெஞ்சு படபடத்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், தோள் இரண்டும் மெல்ல இறங்கியது, கடலையே பார்த்துக்கொண்டு, 'டேய், இப்பதான்டா தலைக்குள்ள சத்தம் நின்னுச்சு' என்றார். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

1999-ல் நோரா வோல்கோ குழு நியூயார்க்கில் செய்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வந்தது. போதைப் பழக்கம் இல்லாத 23 ஆண்கள், எல்லோருக்கும் ஒரே மருந்து ஊசியில். சிலருக்கு அது சுகமாக இருந்தது, சிலருக்குப் பிடிக்கவே இல்லை. மூளையை ஸ்கேன் செய்தால், சுகம் என்றவர்களுக்கு டி2 ஏற்பிகள் குறைவு, பிடிக்காதவர்களுக்கு அதிகம். மருந்தின் பேரைச் சொல்லவில்லையே, மெத்தில்ஃபெனிடேட், கவனக்குறைவு உள்ள பிள்ளைகளுக்கு மாத்திரையாகக் கொடுப்பார்கள். வெளியே வந்த டோபமைன் திரும்ப உறிஞ்சப்படாமல் அது தடுக்கும், கொகெய்னும் அதையேதான் செய்யும். சாராயம் வேறு வழியில் போகிறது, ஆனால் அதுவும் மூளையில் சுகத்தோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்கிற அதே இடத்தில்தான் டோபமைனை ஏற்றுகிறது. என் அண்ணனுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை, அதனால் அவருக்கு டி2 குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே பாட்டில் இரண்டு தலைக்குள் இரண்டு விதமாக வேலை செய்யும் என்பது நான் கண்ணால் பார்த்தது.

போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார், 'நீயும் அதே வீட்டுப் பையன்தானே, நீ விட்டுட்ட, உங்க அண்ணனுக்குத் திமிரு.' அண்ணே, நான் எதையும் விடவில்லை. எனக்குப் பிடிக்கவே இல்லை, அவ்வளவுதான். அதை என் ஒழுக்கம் என்று சொன்னால் அது பொய்.

பிறவியிலேயே எழுதி வைத்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2002-ல் மைக்கேல் நேடர் குழுவின் குரங்கு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தனித்தனியாக இருந்த குரங்குகளைக் கூட்டமாகச் சேர்த்தார்கள். கூட்டத்தில் மேலே வந்த குரங்குகளுக்கு டி2 அளவு ஏறியது, கொகெய்னை அவை அவ்வளவாகத் தேடவில்லை. மற்றவற்றிடம் அடிவாங்கி அடங்கிக் கிடந்தவற்றுக்கு அளவு ஏறவே இல்லை, அவைதான் கொகெய்னைத் தேடின. ஜீன் மாறவில்லை, இருந்த இடம்தான் மாறியது. நாள் முழுக்க மூட்டை தூக்கி, மேஸ்திரியிடம் 'டேய்' பட்டம் வாங்கி வீட்டுக்கு வருகிற மனுஷனை நினைத்துக்கொண்டு அதைப் படித்தேன்.

ஒன்று விட்டுவிட்டேன். அண்ணன் இப்போது மனநல டாக்டர் எழுதிக் கொடுத்த நால்ட்ரெக்சோன் சாப்பிடுகிறார், 50 மில்லிகிராம், தினம் ஒன்று. குடிக்கும்போது மூளையிலேயே ஊறுகிற, அபின் மாதிரி வேலை செய்யும் ஓபியாய்டு என்கிற பொருள் டோபமைனைக் கிளப்பிவிடும், இந்த மாத்திரை அந்த ஓபியாய்டு ஏற்பியை அடைத்து வைக்கும். ஆரம்பிப்பதற்கு முன்னால் கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், கடையில் கேட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நாலு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு நாள் குடித்தார், மறுநாள் காலையில் அவரே வந்து, 'அந்தச் சத்தம் நிக்கலடா' என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை, தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தார்.

அந்த அக்கா இந்த வீடியோவைப் பார்த்தால், அந்த 5,999-ஐப் பையன் பீஸுக்கே கட்டுங்கள். உங்கள் வீட்டுக்காரரை எந்த டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று கேட்டு எழுதுங்கள், நாங்கள் போகிற இடத்தைச் சொல்கிறேன், அண்ணனே கூட வருகிறேன் என்கிறார்.