ஆதரவுக் கடிதம் போகுமுன்

பெரியோர்களே, தம்பி தங்கைமாரே,

வாசிகசாலை வாங்கில் பேப்பர் பார்க்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். "கொழும்பில் ஒருவருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் எங்களுக்கு வாய்ப்புத்தானே?" நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினேன்.

1960 மார்ச் தேர்தலை எடுங்கள். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனம், சுதந்திரக் கட்சிக்கு 46. தமிழரசுக் கட்சியிடம் 15. துருப்புச்சீட்டு எங்கள் கையில். ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்கவின் அரசை ஏப்ரலிலேயே கவிழ்த்தோம். பிராந்திய சபைகள் அமைக்க 1957இல் பண்டாரநாயக்காவும் எங்கள் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா-செல்வா ஒப்பந்தத்தின் வழியில் தீர்வு வரும் என்று சுதந்திரக் கட்சியோடு இணக்கமும் இருந்தது. சரி, என்ன நடந்தது? ஜூலையில் மறுபடி தேர்தல். சுதந்திரக் கட்சிக்கு 75 ஆசனம். அவர்களுக்கு எங்கள் தேவை முடிந்தது. 1961 பெப்ரவரியில் நம் தாய்மார் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அதே அரசுக்கு எதிராக.

1965இல் அதே டட்லியோடு உடன்பாடு. தமிழரசுக் கட்சியின் திருச்செல்வம் அமைச்சரானார். மாவட்டங்களுக்கு அதிகாரம் தரும் மாவட்ட சபை வரும் என்று மூன்று வருடம் காத்திருந்தோம். தெற்கில் எதிர்ப்பு எழுந்தது. டட்லியின் சொந்தக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. 1968இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இரண்டிலும் ஒரே முடிச்சு. பலவீனமான அரசுதான் எங்களைத் தேடி வரும். அந்தப் பலவீனத்தாலேயே கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அதனால் முடியாது. பலமான அரசு காப்பாற்ற வல்லது, ஆனால் அதற்கு எங்களைத் தேவையில்லை. ஜனாதிபதி பிரதமர் பதவியிலிருந்து நீக்கிய ரணிலுக்கு, 2018 டிசம்பரில் பாராளுமன்ற நம்பிக்கை வாக்கெடுப்பில் கிடைத்த 117 வாக்கில் 14 தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினுடையது. அரசியலமைப்பைக் காப்பாற்றிய வாக்கு அது, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் எதிர்பார்த்த புதிய அரசியலமைப்பு வரவேயில்லை.

அப்படியென்றால் ஒதுங்கியே இருப்பதா? இல்லை. ஆதரவு கொடுப்பதென்றால் எல்லோரும் அறியக் கொடுக்கவேண்டும். 1965 உடன்பாட்டை அன்று மக்கள் முன் வைக்கவில்லை. டட்லிக்கும் செல்வநாயகத்துக்கும் இடையில் இருந்த தாள் அது. கிழித்தபோது நியாயம் கேட்கச் சாட்சியில்லை. சிங்கள மக்களுக்கும் அதை யாரும் விளங்கப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாத கவலை.

கொழும்பு வரை போகவேண்டாம். 2025 மே தேர்தலுக்குப் பிறகு எங்கள் பிரதேச சபைகள் பலவற்றில் ஒரு கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. தவிசாளர் தெரிவுக்கு யார் யாருக்குக் கை உயர்த்தினார்கள், எதற்காக? உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். எழுதித் தரச் சொல்லி இந்த வாசிகசாலைச் சுவரில் ஒட்டுங்கள். பாராளுமன்றத்திற்குப் போனவர்களிடமும் பிறகு அதையே கேட்போம்.