ஈஸ்ட் அந்த ராத்திரி சும்மா இல்லை

வணக்கம் மக்களே. பெசன்ட் நகர் பீச் பக்கத்தில் கரும்பு ஜூஸ் வண்டியை ஒட்டி நின்று பேசுகிறேன், மெஷின் சத்தம் கொஞ்சம் கேட்கும். வண்டிக்குக் கீழே குவிந்திருக்கிறதே, அந்தச் சக்கையைப் பாருங்கள். அதற்குள்ளும் சர்க்கரை இருக்கிறது, நாராக இறுகிக் கிடக்கிறது. பிரித்தெடுத்து ஈஸ்ட்டுக்குக் கொடுத்தால் எத்தனால் கிடைக்கும். ஆனால் அமிலம் ஊற்றிச் சூடாக்கிப் பிரிக்கும்போது, அதிலுள்ள சைலோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பகுதி ஃபர்ஃபுரால் என்ற நஞ்சாகிவிடுகிறது.

எம்.எஸ்சி. படித்தபோது இந்தக் கரைசலில் ஈஸ்ட் போட்டேன். ராத்திரி வரை ஒரு குமிழிகூட இல்லை. செத்துவிட்டது என்று பாதி ஃபிளாஸ்க்குகளைக் கொட்டிவிட்டேன். மிச்சத்தைக் கழுவலாம் என்று காலையில் போனால், நன்றாக நுரைத்துக்கொண்டிருந்தது.

சரி, ராத்திரி உள்ளே என்ன நடந்தது? ஃபர்ஃபுரால் உள்ளே புகுந்ததும் ஈஸ்ட் செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை பெருகுகின்றன. புரதம், சவ்வு, டி.என்.ஏ. எதையும் அவை விடாது. பெராக்சைடை மோப்பம் பிடிப்பது ஜிபிஎக்ஸ்3 என்ற புரதம். அது யாப்1 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து, அதற்குள் ஒரு கந்தகப் பிணைப்பை விழவைக்கிறது. யாப்1 எப்போதும் உட்கருவுக்குள் போகும், உடனே வெளியே அனுப்பப்படும். பிணைப்பு விழுந்ததும், வெளியேற்றுவதற்கான அடையாளம் மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது. அப்புறம் அது உள்ளேயே தங்கி, பெராக்சைடைச் சமாளிக்க உதவும் குளூட்டாதயோன், தயோரெடாக்சின் தயாரிப்பதற்கான ஜீன்களை முடுக்கிவிடுகிறது. தினமும் வந்து போகிற ஆளை ஒரு பிணைப்பால் உட்காரவைத்துவிட்டது! இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

கேட்டலேஸ் என்ற நொதியும் உண்டு. அதை வீட்டிலேயே பார்க்கலாம்: ஊறவைத்த ஈஸ்ட்டில் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் 3% பெராக்சைடைக் கொஞ்சம் விட்டால் பொங்கும். பெராக்சைடு உடைந்து வரும் ஆக்சிஜன்தான் அந்த நுரை.

இத்தனைக்கும் செலவு இருக்கிறது. குளுக்கோஸில் ஒரு பங்கு, பென்டோஸ் ஃபாஸ்ஃபேட் பாதை என்ற கிளை வழிக்குத் திரும்பி, எலக்ட்ரான்களைச் சுமந்து கொடுக்கும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறை உண்டாக்கப் போகிறது. பயன்பட்ட குளூட்டாதயோனைப் பழையபடி ஆக்க அது வேண்டும். ஃபர்ஃபுராலை அவ்வளவு கெடுதல் இல்லாத ஃபர்ஃபுரைல் ஆல்கஹாலாக மாற்றவும் அது உதவுகிறது. அந்த வேலை முடியும்வரை செல் பெருகுவதில்லை. நான் சாவு என்று நினைத்தது இந்தக் காத்திருப்பைத்தான்.

இன்னொன்று. முதலில் கொஞ்சமாகப் பெராக்சைடு கொடுத்துப் பழக்கிய ஈஸ்ட், பிறகு கொல்லக்கூடிய அளவு கொடுத்தாலும் தாங்கும். அதே யோசனையில் அடுத்த தடவை, முந்தின ராத்திரியே துளி ஃபர்ஃபுராலில் வளர்த்துவிட்டு, காலையில் சக்கைக் கரைசலுக்கு மாற்றினேன். அன்று சாயங்காலம் லேபைப் பூட்டும் முன்பே குமிழி வந்துவிட்டது.