சோமா கேம்: யார் சொல்றதை நம்புறது?

அடுத்த கேள்வி ஹட்டன்ல இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார். "சோமா மாதிரி கதை எந்த கேம்லயும் இல்லைன்னு ஒருத்தர் சொல்றார். பயமும் இல்லை, விளையாட்டும் இல்லைன்னு இன்னொருத்தர் சொல்றார். இவ்வளவு டேட்டாவைச் செலவழிக்க முன்ன யாரை நம்புறது?"

தம்பி, ரெண்டு பேரும் உள்ளதைத்தான் சொல்றாங்க. இதைச் செஞ்ச ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் கம்பெனிதான் 2010ல அம்னீசியாங்கிற பேய்க் கேமைச் செஞ்சது. அதுல ஓடி ஒளிஞ்சு நடுங்கினவங்க, அதே நடுக்கத்தைத் தேடித்தான் 2015ல சோமாவுக்கு வந்தாங்க. ஆனா இங்க பயம் வேற இடத்துல இருக்குது. இதுல நீங்கதான் சைமன். மூளை ஸ்கேன் எடுக்க டொராண்டோவுல நாற்காலியில உட்கார்ற அவன், கண் முழிச்சா கடலுக்கு அடியில ஒரு ஸ்டேஷன்ல நிக்கிறான். அங்க ஒரு ரோபோ தன்னை மனுஷன்னே நம்பிக்கிட்டு பேசுது. மேற்கொண்டு போக நீங்க கரண்டைத் திருப்பிவிடணும்னா ஒன்னு அது சாகணும், இல்லாட்டி வலியில கத்தணும். அந்த இடத்துல உங்களைப் பயங்காட்டுறது உங்க கையேதான். அங்க கை தயங்குச்சுன்னா இந்த கேம் உங்களுக்குப் பிடிக்கும்.

இப்ப குறை சொல்றவங்க பக்கம் வருவோம். அவங்க பேச்சுல நியாயம் இருக்குது. செத்துக்கிடக்கிறவங்க மேல கை வெச்சா அவங்களோட கடைசி நேரத்து குரல் கேட்கும். கதையில பாதி அந்தக் குரல்கள்லதான் இருக்குது. ஆனா உங்களைத் துரத்துற ஜந்து கிட்ட வந்தா திரை உடைஞ்சு கோடு கோடா ஓடும், இரைச்சல் ஏறும், பாதிப் பேச்சு காதுல விழாது. கதவைத் திறக்கவும் பட்டனை அமுக்கிப் பிடிச்சு மவுஸை இழுக்கணும். பதட்டத்துல எதிர்ப்பக்கம் தள்ளிட்டா கதவு உங்க மூஞ்சியிலயே மூடும். ஆயுதம்னு ஒன்னும் கிடையாது. கதை "நின்னு கேளு"ங்குது, ஜந்து "ஓடு"ங்குது. சண்டையே இதுலதான்.

இதுக்கு மருந்து 2017 டிசம்பர்ல வந்துச்சு, சேஃப் மோட். நியூ கேம் கொடுக்கிறப்போ தெரிவு செய்யணும். ஜந்துங்க இருக்கும், உங்களைக் கொல்லாது. கதைக்காக விளையாடுறீங்கன்னா தயங்காம அதையே எடுங்க. ஒளிஞ்சு விளையாடப் பிடிக்கும்னா சாதாரண மோட். அதுல ஒன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க: எல்லா ஜந்துக்கும் ஒரே வழி சரிவராது. சிலது சத்தத்துக்கு வரும், அப்ப குனிஞ்சு மெதுவா போகணும். சிலதைப் பார்த்தாலே வினை, தலையைக் குனிஞ்சு சுவரைப் பார்த்து நிக்கணும். எல்லாத்துக்கும் ஓடுறவங்கதான் திரும்பத் திரும்பச் செத்து வெறுத்துப் போறாங்க.

சைமனுக்கு ஒன்னும் விளங்கலைன்னும் திட்டுறாங்க. இதுல நான் சைமன் பக்கம். கூடுவிட்டுக் கூடு பாயுற கதை நமக்குத் தெரியும்தானே, உடம்பு மாறினாலும் உயிர் ஒன்னுதான்னு. அவனும் அதைத்தான் நம்புறான். அந்த நம்பிக்கையிலதான் கேம் கை வைக்குது. இதுக்கு மேல சொன்னா கதை கெட்டுப்போகும். நீங்க எதைத் தெரிவு செஞ்சாலும் முடிவு மாறாது, அது குறைன்னா குறைதான்.

4 ஜிபி ரேம்ல ஓடும், 8 இருந்தா நல்லது. இரவு நேர டேட்டாவுல இறக்கிக்கோங்க. நீங்களா சேவ் பண்ண முடியாது, அதுவா சேவ் ஆகிற இடத்துல இருந்துதான் திரும்பும். அதனால மழை, இடி நேரத்துல கரண்ட் போற வீடுன்னா டெஸ்க்டாப்ல ஆரம்பிக்காதீங்க. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கோங்க. தற்கொலை சம்பந்தப்பட்ட காட்சிகளும் வருது. லயத்துல ஒரே காம்பராவுல சின்னப் பிள்ளைங்க இருந்தா, அவங்க தூங்கினதுக்கு அப்புறம் ஹெட்செட் போட்டு விளையாடுங்க.